தொட்டியை எடுத்த வருஷம்

எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது எங்கள் கடையில் டீ விற்பது நின்றுபோனது. ஒரேயடியாக நிற்கவில்லை. முதலில் வடை மிஞ்சியது, அப்புறம் இட்லி மிஞ்சியது, கடைசியில் பாலே மிஞ்சித் திரிந்துபோக ஆரம்பித்தது. மிஞ்சியதெல்லாம் எங்கள் வயிற்றுக்குத்தான் வந்தது. முதல் வாரம் எனக்கு அது கொண்டாட்டமாக இருந்தது என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

மரக்காணம் உப்பளத்துக்குப் போகும் மண்சாலையில் இருந்தது கடை. விடிவதற்கு முன்பே உப்புப் பாத்தியில் இறங்குகிறவர்கள் வெயில் ஏறியதும் கரையேறி வருவார்கள். பெரும்பாலும் பெண்கள். அவர்களை நம்பித்தான் அப்பா டீ ஆற்றினார், அம்மா இட்லி அவித்தாள். இப்போது அவர்கள் எங்கள் கடையைப் பார்த்தும் பார்க்காததுபோலக் கடந்து, கால்வாய்ப் பாலத்தருகே இருந்த இன்னொரு கடைக்குப் போனார்கள்.

அப்பா வைத்தியம் பார்க்கத் தொடங்கினார். கண்திருஷ்டி என்று முடிவு செய்து வாசலில் பூசணிக்காய் கட்டினார். அது அழுகியதுதான் மிச்சம். டீத்தூளை மாற்றினார். பால்காரரோடு சண்டை பிடித்தார். பாவம், அன்றைக்குப் பார்த்து அவர் தண்ணீர் கலக்கவில்லையாம். வடையைப் பெரிதாக்கினார். பெரிய வடைகள் மிஞ்சின. அம்மா எதற்கும் வாய் திறக்கவில்லை.

ஒருநாள் அப்பா அவளிடம், "இந்த மாசமும் இப்பிடியே போச்சின்னா கடைய மூடிட வேண்டியதுதான். பாப்பாவ ராயபுரத்துக்கு அனுப்பிடலாம். எங்க அக்கா கேட்டுக்கினேதான் இருக்குது" என்றார்.

ராயபுரத்து அத்தை வீட்டுக்கு ஒத்தாசைக்குப் போன பெண்கள் யாரும் அப்புறம் பள்ளிக்கூடத்தை எட்டிப் பார்த்ததில்லை. வகுப்பில் வாய்ப்பாடு சொல்லும்போதுகூட காதில் ராயபுரம், ராயபுரம் என்றே கேட்டது. யாராவது கடைப் பக்கம் திரும்பினால் ஓடிப்போய் பெஞ்சைத் துடைப்பேன். கடந்து போய்விட்டால் அழுகை முட்டும்.

ஒரு சனிக்கிழமை பயம் தாங்காமல், முன்பு தினமும் எங்களிடம் டீ குடித்துக்கொண்டிருந்த உப்பளத்து அக்கா ஒருத்தியின் பின்னாலேயே பாலத்துக் கடைக்குப் போனேன். அவள் போனதும் டீ கேட்கவில்லை. ஓரமாக இருந்த அண்டாவிலிருந்து செம்பில் தண்ணீர் மொண்டு வெடித்த பாதங்களில் மெல்ல ஊற்றி, கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். கூட வந்தவர்களும் அப்படியே செய்தார்கள். அதற்குப் பிறகுதான் டீ.

"எங்க கடைக்கு ஏன் வர்றதில்லக்கா?" என்றேன்.

"உங்க டீக்கு இன்னா கொறச்சல் பாப்பா? காலு எரியுதே. இங்கன்னா ரெண்டு செம்பு நல்ல தண்ணி ஊத்திக்கலாம். நீங்கதான் தொட்டிய எடுத்துட்டீங்களே."

எடுத்துத்தான் இருந்தோம். அம்மாவின் தம்பி பாண்டிச்சேரியில் பெரிய ஓட்டல்களை எல்லாம் பார்த்தவர். ஒரு மாதத்துக்கு முன் வந்திருந்தபோது, கடை வாசலில் கால் கழுவும் தொட்டி அசிங்கமாக இருக்கிறது, எடுத்துவிட்டு பெஞ்சு போடுங்கள் என்று யோசனை சொன்னார். அப்பாவுக்கும் அது நாகரிகமாகப் பட்டது. நாள் முழுக்க அடுப்படியில் நிற்கிறவருக்கு, உப்புத் தண்ணீரில் ஊறிய கால் எப்படி எரியும் என்று எங்கே தெரியும்?

நான் ஒரே ஓட்டமாக வந்து சொன்னேன். அப்பா நெற்றியில் அடித்துக்கொண்டார். "அடப்பாவி! டீ குடிக்கத்தான் வர்றாங்கன்னு இல்ல நெனச்சினு இருந்தேன்!" என்று என்னைத் தூக்கிச் சுற்றினார். அம்மா அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். கை அப்படியே நின்றது.

"கண்டுபுடிச்சிட்டியா?" என்றாள். பாராட்டுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாளே தொட்டி வாசலுக்கு வந்தது. அதைத் தூக்கி வைத்தது அப்பா. நிரப்ப வேண்டியது, முன்புபோலவே, அம்மா. சுற்றுவட்டாரக் கிணறெல்லாம் உப்பு. நல்ல தண்ணீருக்கு ஏரிக்கரை வரை நடக்க வேண்டும். இடுப்பில் ஒன்று, தலையில் ஒன்றாகத் தினம் பத்துக் குடம். எங்கள் பக்கத்தில் ஆண்கள் குடம் தூக்கும் வழக்கம் கிடையாது. பத்து நாளில் உப்பளத்துப் பெண்கள் எல்லோரும் திரும்பி வந்துவிட்டார்கள். அப்பா வருகிறவர்களிடமெல்லாம் என் மூளையைப் பற்றிப் பேசினார். ராயபுரம் பேச்சு அடங்கியது.

அந்த மாதக் கடைசியில் அம்மா படுத்துவிட்டாள். பக்கத்துத் தெரு மருத்துவச்சி வந்து போனாள். வயிற்று வலி என்றார்கள், நம்பினேன்.

என் வயிற்றில் முதல் பிள்ளை இருந்தபோது என்னை ஒரு செம்புத் தண்ணீர்கூடத் தூக்க விடாத அம்மா, ஒருநாள் தானாகவே சொன்னாள். எனக்குப் பிறகு இரண்டு தங்காமல் போயிருந்ததாம். மூன்றாவது உண்டானபோது, மூன்று மாதம் முடியாமல் வாய்விட்டுச் சொல்லக்கூடாது என்று இருந்தவள், தம்பியிடம் மட்டும் சொல்லித் தொட்டியை எடுக்க வைத்தாளாம். வியாபாரம் ஏன் படுத்தது என்று முதல் நாளிலிருந்தே அவளுக்குத் தெரியும். அப்பாவுக்கு எவ்வளவு தெரியும் என்று நான் கேட்டதில்லை.

அவள் படுத்திருந்த மூன்று நாளும் எனக்கு மறுபடி அதே பயம். தொட்டி காய்ந்து கிடந்தது. வந்த பெண்கள் எட்டிப் பார்த்துவிட்டுப் பாலத்துக்குப் போனார்கள். நாலாம் நாள் காலையில் நான் அம்மாவின் தோளைப் பிடித்து உலுக்கி, "எழுந்திரும்மா, தொட்டியில தண்ணியே இல்ல" என்றேன்.