எஷ்டு ஹொத்து, மாமா?

என் மனைவி மூட்டுநோய் கிளினிக்கில் நர்ஸ். பட்டத்துக்கு மேலே அந்த நோய்களைப் பற்றியே இன்னொரு படிப்பும் படித்தாள். வாரக்கடைசியில் லேப்டாப்பில் வகுப்பு, முடிவில் செய்முறைத் தேர்வு. முன்பின் தெரியாத நோயாளியிடம் பேசி, தொட்டுப் பார்த்து, என்ன நோய் என்று சொல்ல வேண்டும். முதல் தடவை தேறவில்லை. "நோயாளி சொல்லிட்டார், உங்களுக்குத்தான் கேக்கலை" என்றாராம் தேர்வாளர். அன்றைக்கு வீட்டுக்கு வந்து தலையணையில் முகம் புதைத்தவள் சாப்பிடக்கூட எழவில்லை. மிச்சம் ஒரே ஒரு வாய்ப்பு, வருகிற சனிக்கிழமை.

நான் ஒன்பதாவதோடு நிறுத்தியவன். பைக்கில் சாப்பாடு டெலிவரி. ஈஜிபுராவில் எங்கள் ஒற்றை அறை வீட்டில் அவளுக்கு ஓசியில் கிடைத்த நோயாளி நான்தான். தினமும் காலை காபி கொதிப்பதற்குள் ஒரு வேஷம்.

"காலையில எழுந்ததும் இறுக்கமா இருக்கா? எஷ்டு ஹொத்து?"

எவ்வளவு நேரம் என்பதைக் கன்னடத்திலும் கேட்டுப் பழகினாள். தேர்வுக்கு எந்த ஊர்க்காரர் வருவாரோ. அந்தப் பதிலில்தான் பாதி நோய் ஒளிந்திருக்கிறதாம்.

திங்கட்கிழமை நான் பொம்மனஹள்ளி கார்மெண்ட்ஸ் அக்கா. "விரல் மடங்கவே மாட்டேங்குது மேடம். வீட்டுக்காரரைக் கிள்றப்ப மட்டும் மடங்குது."

செவ்வாய் நான் தொம்மலூர் ரிடையர்ட் கிளார்க். "முட்டி வலி பென்ஷன் ஆபீஸ் லிஃப்டைப் பாத்தா போயிடுது."

"மாமா, பரீட்சையில யாரும் இப்படிப் பேச மாட்டாங்க."

"பேசுவாங்க டாக்டரம்மா."

"நான் நர்ஸு. ஒழுங்கா சொல்லு."

புதன்கிழமை வேஷக் கையிருப்பு தீர்ந்துவிட்டது. வேறு வழியில்லாமல் என் முதுகையே எடுத்து விட்டேன். "எழுந்தா இடுப்பு கட்டை மாதிரி இருக்கும் மேடம். முக்கால் மணி நேரம் ஆகும். படுத்தா ஜாஸ்தி. வெந்நீர் ஊத்திக்கிட்டு ரெண்டு ஆர்டர் ஓட்டினா விட்டுடும். ரெண்டு வருஷமா இருக்கு."

பேனாவைக் கீழே வைத்தாள். "என் நோட்டை எப்ப எடுத்த?"

"எந்த நோட்டு?"

"நடிக்காத. ஓய்வுல அதிகம், அசைஞ்சா குறையும், சின்ன வயசு. வரி வரியா ஒப்பிக்கிற."

"அது இங்கிலீஷ்ல இல்ல கெடக்கு? எனக்கு இங்கிலீஷ்ல பார்சல்னு ஒரு வார்த்தைதான் தெரியும்."

முதலில் சிரித்தாள். பாதியில் சிரிப்பு நின்றது. காபி பொங்கி அடுப்பு அணைந்தது, அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

"சட்டையைக் கழட்டு."

"காலங்காத்தால ஏம்மா..."

"கழட்டு மாமா."

இடுப்பில் ஸ்கெட்ச் பேனாவால் ஒரு கோடு. பத்து சென்டிமீட்டர் மேலே இன்னொன்று. டைலர் டேப்பை வைத்துக் குனியச் சொன்னாள். குனிந்தால் அந்தப் பத்து பதினைந்தாக நீள வேண்டுமாம். என் கை முட்டியைத் தாண்டவில்லை. திரும்பத் திரும்ப மூன்று தடவை அளந்தாள்.

"எவ்ளோ டீச்சர்? பாஸா?"

"பன்னெண்டு." டேப்பைச் சுற்றி வைத்துவிட்டு என் முதுகில் நெற்றியைச் சாய்த்துக்கொண்டாள். முதுகு ஈரமானது. "ரெண்டு வருஷமா சொல்லிட்டுதான் இருந்திருக்க. நான் ஜோக்குன்னு விட்டுட்டேன்."

நானும் அப்படித்தான் விட்டிருந்தேன். பைக் ஓட்டுகிற எல்லோருக்கும் முதுகு வலிக்கும் என்று.

மறுநாள் அவள் கிளினிக்கிலேயே காட்டினோம். டாக்டர் கேட்டதும் வழக்கம்போல ஜோக்கடிக்க வாயைத் திறந்தேன். பக்கத்தில் அவள் முகத்தைப் பார்த்ததும் எல்லாவற்றையும் நேராகச் சொன்னேன். ரத்தமும் ஸ்கேனும் எடுத்தார்கள். முதுகெலும்பு மூட்டில் வீக்கம், மாத்திரையும் உடற்பயிற்சியும் போதும், சீக்கிரமே பிடித்துவிட்டீர்கள் என்றார் டாக்டர். பிடித்தது இவள்தான் என்று நான் அவளைக் கை காட்டினேன்.

சனிக்கிழமை தேர்வு முடியும்வரை வாசலில் பைக்கிலேயே உட்கார்ந்திருந்தேன். கடைசி ஆளாக வந்தாள்.

"யாரு வந்தாங்க?"

"ஒரு ஆட்டோக்காரர். எதைக் கேட்டாலும் சிரிச்சாரு. விரல் வீங்கியிருக்கேன்னு கேட்டா, மாமனாரு மோதிரம் வாங்கித் தராம இருக்க அது ஒரு சாக்குங்கறாரு."

"அப்புறம்?"

"பக்கத்துல நெருங்கி உக்காந்து, சிரிச்சு முடிக்கட்டும்னு இருந்தேன். திரும்பவும் எஷ்டு ஹொத்துன்னு கேட்டேன். ரெண்டு மணி நேரம் சட்டை பட்டன் போட முடியலைன்னாரு. மீதியை அவரே சொல்லிட்டாரு."

தேறிவிட்டாள். இப்போதும் காலையில் காபி வைக்கும்போது அதே கேள்வி வருகிறது. இன்றைக்குப் பத்து நிமிடம் என்று சொல்லி அவளைக் குஷிப்படுத்தலாம் என்று நினைத்தேன்.

"இருபது" என்றேன். அதுதான் உண்மை. எழுதிக்கொண்டாள்.