வேலிக்குள் விழுந்த பந்து

மேட்டூர் அணை வேலை முடிகிற வருடம். கல்லும் சுண்ணாம்பும் சுமந்த குடும்பங்கள் மூட்டை கட்டத் தொடங்கியிருந்தன. மல்லசமுத்திரத்துக் கண்ணுசாமிக்கும் அதே நிலைதான். முகாமில் துரைமார் கோல்ப் ஆடும்போது மட்டைப் பையைச் சுமந்து கூடவே நடப்பது அவர் வேலை. மனைவி பாவாயிக்குச் சல்லி உடைக்கிற வேலை. முகாம் கலைந்தால் இரண்டும் போய்விடும்.

பெரிய துரை ஒரு பந்தயம் வைத்தார். பை சுமப்பவர்களே ஆட வேண்டும். ஜெயிப்பவருக்கு ஏற்காட்டில் அவருடைய நண்பரின் மைதானத்தில் நிரந்தர வேலை, குடியிருக்க வீடு.

கடைசிக் குழிக்கு வரும்போது எடப்பாடி வீரன் மட்டுமே போட்டிக்கு மிஞ்சியிருந்தான். குறைந்த அடியில் முடிப்பவருக்கே வெற்றி. அதுவரை கண்ணுசாமியைவிட மூன்று அடி கூடுதலாக அடித்திருந்தான் வீரன். ஆனால் இப்போது அவன் பந்து குழிக்குப் பக்கத்தில் போய் விழுந்தது. கண்ணுசாமியின் பந்தோ கிளுவை வேலிக்குள்.

முள்ளுக்கு நடுவே சிறிய சந்து ஒன்று இருந்தது. அதில் நேராகக் குழியில் நட்ட கொடி தெரிந்தது. முகாம் ஆபீசில் கணக்கெழுதும் நானும் கூட்டத்தில் நின்றிருந்தேன். நானாக இருந்தால் அப்படியே அடித்திருப்பேன். கண்ணுசாமி குனிந்து பார்த்தார். பிறகு குழிக்கு முதுகைக் காட்டி நின்று, பந்தைப் பின்பக்கம் வெறுந்தரைக்குத் தட்டிவிட்டார்.

கூட்டம் சிரித்தது.

"ஏனுங்க மச்சான், மல்லசமுத்திரம் அந்தப் பக்கமா இருக்குது?" என்றார் முகாம் சமையல்காரர் ரங்கன்.

"முள்ளுல மாட்டுன வேட்டியக் கிழிச்சுக்கிட்டா வருவாங்க?" என்றார் கண்ணுசாமி.

"சும்மா இருங்கண்ணா, அவிங்க அடிக்கட்டும்" என்று பாவாயி ரங்கனை அதட்டினார். பிறகு முந்தானையை வாயில் கடித்துக்கொண்டார்.

அடுத்த அடியில் பந்து குழியருகே வந்து நின்றது. வீரன் தன் பந்தை ஒரே தட்டில் உள்ளே தள்ளினான். ஆரவாரம் அடங்கும்வரை கண்ணுசாமி காத்திருந்தார். பிறகு மெல்லத் தட்டினார். பந்து உருண்டு குழிக்குள் போனது. ஒரே ஓர் அடி வித்தியாசத்தில் கண்ணுசாமி ஜெயித்துவிட்டார்.

"நீங்க எங்கண்ணா ஆடுனீங்க? வேலிய உட்டு வெளிய வந்தீங்க, அவ்வளவுதான்" என்றான் வீரன்.

"அது போதும் சாமி."

எங்கள் குடும்பத்தில் பி.ஏ. படித்த முதல் ஆள் நான். பின்னால் போவது தோல்வி என்றே நம்பி வந்திருக்கிறேன். அதை எனக்கு யார் சொன்னார்கள் என்று யோசித்தேன், நினைவுக்கு வரவில்லை.

பாவாயி அதற்குள் கணவரிடம் கேட்டுக்கொண்டிருந்தார்: "மேல குளுருமாமே, ஆளுக்கொரு கம்பளி வாங்கோணுமுங்களே?"