பெயர், வயது, இனம், கிணறு

ஆஸ்பத்திரியில் பதிவுத் துண்டு வெட்டுகிறவரிடம் யாரும் நோயைச் சொல்ல வருவதில்லை. உள்ளே போக வழிவிடச் சொல்லத்தான் வருகிறார்கள். மேசைக்கு இந்தப் பக்கம் இருந்து பெயர் எழுதிக் கை வலித்தவர்கள் எல்லோருக்கும் இது தெரியும். நானும் உங்களில் ஒருத்தி. எண்பத்து நாலில், யாழ்ப்பாணத்து உடுப்பிட்டியில் எங்கள் வீட்டிலிருந்து சைக்கிளில் போய்வரும் தூரத்தில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் எனக்கு அந்த வேலை கிடைத்தது. பெயர், வயது, ஊர் எழுதித் துண்டைக் கிழித்துக் கொடுத்தால் காரியம் முடிந்தது.

அந்தச் சுகம் சில மாதம்தான். பிறகு கொழும்பிலிருந்து கட்டுக்கட்டாக ஒரு படிவம் வந்தது. இனம், மதம், தாய்மொழி, அங்கக் குறைபாடு என்று தொடங்கி, குடிநீர் வரைக்கும் பதினாறு கேள்விகள். பாகுபாடில்லாமல் எல்லோருக்கும் சேவை கிடைக்கிறதா என்று பார்க்கத்தான் கேட்கிறோம் என்று மேலே அச்சடித்திருந்தார்கள். எனக்கு இருபத்திரண்டு வயது. அச்சில் வந்ததை அப்படியே நம்பினேன்.

இனம்

முதல் நாள் முதல் ஆள், நாற்பது வயது மதிக்கக்கூடிய ஒருவர். கையில் ஆறாத புண்ணுக்கு மருந்து கட்ட வந்திருந்தார். நான் புது உற்சாகத்தில், பெயரைக்கூடக் கேட்காமல், "உங்கடை இனம் என்ன?" என்றேன்.

அவர் இரண்டடி பின்னால் போய் வாசலைப் பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். ஏதோ பிழையாகக் கேட்டுவிட்டேன் என்று விளங்கியது. என்ன பிழை என்று விளங்கவில்லை. படிவத்தைத் திருப்பி அவர் பக்கம் வைத்தேன். கொழும்பில் கடை வைத்திருந்தவர், எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்தில் எல்லாம் எரிந்த பிறகு கப்பலில் ஊர் வந்து சேர்ந்தவர் என்பதெல்லாம் எனக்கு அப்போது தெரியாது. வாசித்து முடித்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: "பிள்ளை, போன ஆடியிலை பஸ்ஸை மறிச்சு ஏறினவங்களும் முதல்லை இதைத்தான் கேட்டவங்கள்."

அங்கக் குறைபாடு

ஒரு தாய், பதினெட்டு வயது மகளைக் கூட்டி வந்தார். "குறைபாடு ஏதும் உண்டோ?" என்றேன். "ஒண்டுமில்லை" என்றார். "அப்ப என்னத்துக்கு மருந்து?" "பிள்ளைக்குக் காது கேளாது." எழுதப் போனேன், என் பேனையைப் பிடித்துவிட்டார். எழுதினால்தான் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பலாம், காதுக்கு மிஷின் கிடைக்கும் என்று எவ்வளவோ சொன்னேன். மகள் எங்கள் இருவர் வாயையும் மாறிமாறிப் பார்த்துக்கொண்டு நின்றாள். அரசாங்கத் தாளை யாருக்குக் காட்டப் போகிறோம் என்று எனக்குச் சிரிப்புக்கூட வந்தது. தாய் சிரிக்கவில்லை. "தங்கச்சி, கலியாணம் பேசி வாறவை முதல்லை உங்களிட்டைத்தான் வந்து விசாரிப்பினம்."

மதம்

பொன்னம்பலத்தார் அந்த ஊரின் பெரிய மனிதர். தோட்டம், துரவு, கோயில் தர்மகர்த்தா வேலை எல்லாம் உண்டு. "உங்கடை மதம்?" என்றேன். அவர் திருப்பிக் கேட்டார்: "நீர் எந்த ஊர், பிள்ளை?" சொன்னேன். "உடுப்பிட்டியிலை எந்தப் பக்கம்?" அதையும் சொன்னேன். "எந்தக் கோயிலுக்குக் கிட்ட? தகப்பன் ஆர்?" இவ்வளவு பெரியவர் என்னில் அக்கறையாக இருக்கிறாரே என்று சந்தோஷமாகச் சொன்னேன். கடைசிப் பதில் கிடைத்த பிறகுதான் கதிரையை இழுத்துப் போட்டு என் முன்னால் இருந்தார்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. அவர் கேட்டது என் சாதியை. அந்தச் சொல்லை வாயில் எடுக்காமல் நாலே கேள்வியில் எடுத்துவிட்டார். நான் அவரைப் பதிவதாக நினைத்துக்கொண்டிருக்க, அவர் என்னைப் பதிந்து முடித்திருந்தார். பிறகு படிவத்தை மேலும் கீழும் பார்த்துவிட்டுச் சொன்னார்: "பதினாறு கேட்டும் கேக்க வேண்டியதைக் கேக்கேல்லைப் பாரும்."

பதினாறாவது கேள்வி

செல்லி, மூன்று வயது மகனைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தாள். வயிற்றோட்டம், அந்த மாதத்தில் இரண்டாவது தடவை. கடைசிக் கேள்விக்கு வந்தேன். "தண்ணி எங்கை எடுக்கிறனீங்கள்?"

"பொன்னம்பலத்தாற்றை கிணத்திலை."

"தேவையான நேரம் அள்ளலாமோ?"

அவள் என்னை விசித்திரமாகப் பார்த்தாள். "நாங்கள் அள்ளுறேல்லையே, பிள்ளை. குடத்தை வைச்சிட்டு நிப்பம். ஆரும் வந்து வாத்துவிட்டால் கொண்டு போவம். முந்தநாள் ஒருத்தரும் வரேல்லை. பெடியன் அழுதான், குளத்துத் தண்ணியைக் குடுத்திட்டன்."

சின்ன வயதில் எங்கள் கிணற்றடியில் குடத்தோடு நின்றவர்களுக்கு நானும் வார்த்துவிட்டிருக்கிறேன். உதவி செய்வதாகத்தான் நினைத்தேன். அவர்கள் ஏன் தாங்களே அள்ளவில்லை என்று ஒருநாளும் கேட்டதில்லை. அவள் சொன்னதை ஒன்றும் விடாமல், கிணற்றுக்காரர் பெயரோடு எழுதினேன். இதைப் பார்த்தால் அரசாங்கம் உங்களுக்கு ஒரு கிணறு வெட்டித் தரும் என்றும் சொன்னேன். யார் என்னைச் சொல்லச் சொன்னது?

அவள் முகம் மலர்ந்தது. "அப்ப வடிவா எழுதுங்கோ."

திருத்தம்

ஒரு மாதம் கழித்துச் செல்லி திரும்பவும் வந்தாள். மகன் கண்ணைத் திறக்கவில்லை. மருந்து கொடுக்கும் அப்போதிக்கரி ஐயா தொட்டுப் பார்த்துவிட்டு, உடனே பருத்தித்துறை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொல்லிக் கடிதம் எழுதத் தொடங்கினார்.

அதற்குள் அவள் என் மேசைக்கு வந்தாள். சுகாதாரப் பரிசோதகர் வந்தவராம். அவளுடைய குடிசைக்கு அல்ல, பொன்னம்பலத்தார் வீட்டுக்கு. இளநீர் குடித்துவிட்டு, என் படிவத்தை அவள் பெயரோடு வாசித்துக் காட்டினாராம். "எழுதக் குடுத்தவை அரசாங்கத்திட்டைத் தண்ணி வாங்கட்டும்" என்று பொன்னம்பலத்தார் சொல்லிவிட்டாராம். அன்றிலிருந்து அவள் குடத்துக்கு யாரும் வார்க்கவில்லை. குளம்தான்.

நான் அரசாங்கத் தாள் என்று நம்பியது அவர் வீட்டு விறாந்தைவரை போயிருக்கிறது. என்னால்தான் இந்தப் பிள்ளை இப்படிக் கிடக்கிறது. மேலிடத்துக்கு எழுதுகிறேன், பொலிசுக்குச் சொல்கிறேன் என்று ஏதேதோ சொன்னேன். செல்லிக்குக் கோபம்கூட இல்லை. புதுப் படிவம் ஒன்றை என் பக்கம் தள்ளினாள்.

"பிள்ளை, தண்ணிக்கு ஒரு குறையும் இல்லையெண்டு எழுதுங்கோ. அதை ஒரு துண்டிலையும் எழுதித் தாங்கோ, பஸ் வர முன்னம் பொன்னம்பலத்து ஐயாவிட்டைக் காட்டிப்போட்டுப் போறன். பெடியன் திரும்பி வந்தால் குடிக்க வேணும்."

எழுதிக் கொடுத்தேன். அந்த வருட அறிக்கையின்படி எங்கள் பகுதியில் தண்ணீருக்குக் குறையுள்ளவர் ஒருவருமில்லை.