நாள் வருமுன் வைத்த எண்ணெய்

அந்த ஆண்டு எங்களுக்குத் தீபாவளி இரண்டு முறை வந்தது. எனக்கு எட்டு வயது. இரண்டு தீபாவளி என்றால் இரண்டு மடங்கு முறுக்கு என்பதற்கு மேல் என் மூளை ஓடவில்லை.

அக்கா மலாக்காவில் ஒரு பல்கலைக்கழக வளாகத்தில் தங்கிப் படித்தாள். தீபாவளிக்கு முன்பே வேலைப் பயிற்சிக்காக அவளைக் கடல் தாண்டிச் சபா மாநிலத்துக்கு அனுப்புவதாக இருந்தார்கள். அவளைப்போல் பலரும் கிளம்புவதால், வளாகத்துத் தமிழ் மாணவர்கள் பண்டிகையை முன்கூட்டியே கொண்டாட முடிவுசெய்து குடும்பத்தாரையும் அழைத்தார்கள்.

"நாளே வரல, அதுக்குள்ள என்னா லா தீபாவளி?" என்றார் அம்மா.

"அன்னிக்கு நான் சபால இருப்பேன்மா. நீங்க வராட்டி எனக்கு இந்த வருசம் தீபாவளியே இல்ல" என்றாள் அக்கா.

அம்மா வந்தார். ஆனால் முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு, பழைய சேலையில் வந்தார். நாள் வருமுன் உடுத்தக்கூடாது என்று என் புதுப் பாவாடையையும் அலமாரியில் பூட்டிவிட்டார். எனக்கு வந்த கோபத்தில் எங்கள் ஊரான புக்கிட் ரம்பாயிலிருந்து பஸ்ஸில் போகும் வழியெல்லாம் அவரோடு பேசவில்லை.

அங்கே மண்டபத்துக்குப் பின்னால் அக்காவும் தோழிகளும் முறுக்குச் சுட்டுக்கொண்டிருந்தார்கள். முறுக்கா அது? பல்லுக்கே ஆபத்து. நான் அசராமல் தின்றேன். அம்மாவோ காய்ந்து பறந்த அக்காவின் தலைமுடியையே பார்த்துக்கொண்டிருந்தார். திடீரென்று நல்லெண்ணெய் கேட்டார். இல்லை, சமையல் எண்ணெய்தான் இருந்தது. அதில் ஒரு புதுப் புட்டியைத் திறந்து, அக்காவை உட்காரவைத்து உச்சியில் தேய்க்க ஆரம்பித்துவிட்டார்.

"நாளே வரலன்னீங்க?"

"வாய மூடிக்கிட்டுக் குனி."

கெடாவிலிருந்தும் பேராக்கிலிருந்தும் வந்து படித்த பெண்கள் அடுப்பை அணைத்துவிட்டு வரிசையில் நின்றார்கள். அக்காவின் சீனத் தோழி ஒருத்தியும் "ஆன்ட்டி, சாயா பூன்" என்று தனக்கும் வேண்டுமென மலாயில் கேட்டுத் தலையை நீட்ட, அம்மா சிரித்துக்கொண்டே அவளுக்கும் வைத்துவிட்டார். படம் எடுத்தபோது எல்லார் தலையும் மின்னியது. மிச்ச முறுக்குக்கு எண்ணெய் இல்லை. எனக்கு அதில்தான் வருத்தம்.

நிஜத் தீபாவளியன்று விடிகாலையில் அம்மா என் தலையில் நல்லெண்ணெய் வைத்தார். "அக்காவுக்கு வச்ச எண்ணெதான் வேணும்" என்று அடம்பிடித்தேன். அம்மா திரும்பிக்கொண்டு கண்ணைத் துடைத்தார். ஏன் என்று கேட்டதற்கு, தன் தலையிலிருந்து எண்ணெய் வழிந்து கண்ணில் பட்டுவிட்டது என்றார். நானும் நம்பி, புதுப் பாவாடையைத் தேடி ஓடினேன்.

அம்மா அதுவரை தன் தலைக்கு எண்ணெயே வைத்திருக்கவில்லை.