மேகலாவின் குளிர்ந்த கால்கள்

இல்லை, றோசலினுக்கும் அழகையாவுக்கும் எந்தத் தொடுப்பும் இருந்ததில்லை. தண்ணீர்ப் பீலியடியில் குடத்தை வைத்துவிட்டு, "ஆம்பள வாடையே படாதவளுக்கு அந்தப் பேச்செல்லாம் எப்படிடீ வந்துச்சு?" என்று கேட்கிற சிசிலிக்கு நான் பத்து வருடமாகச் சொல்லும் பதில் ஒன்றுதான். வந்த வழி எனக்குத் தெரியும். நீங்களும் கேட்டுவிட்டு அப்புறம் பேசுங்கள்.

றோசலின் எங்கள் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் ஆயா. கொழுந்து பறிக்கப் போகும் பெண்கள் காலையில் கைக்குழந்தைகளை அவளிடம் விட்டுவிட்டு மலை ஏறுவார்கள். இரண்டு தொட்டில் கயிறுகளை ஒரே கையில் சேர்த்துப் பிடித்து ஆட்டுவாள். மடியில் கொப்பி இருக்கும். கொண்டையில் செருகிய பென்சிலை உருவி, நாக்கில் தொட்டுத் தொட்டு எழுதுவதால் கீழுதடு எப்போதும் கறுத்திருக்கும். கதாநாயகனுக்கு எழுதும்போது தாடையைக் கழுத்தில் புதைத்துக் கட்டைக் குரலில் சொல்லிப் பார்ப்பாள். கதாநாயகிக்கு மூக்கை உறிஞ்சுவாள். அந்தக் கட்டைக் குரல் கேட்டால்தான் சில பிள்ளைகள் தூங்கும்.

கதை அவளுடையது அல்ல. புதன்கிழமைதோறும் ரேடியோவில் ஒரு நாடகம் போனது. டாக்டர் குணசீலன், மேகலா என்று இரண்டு பேர். கல்யாணத்துக்காக, பன்னிரண்டு வீடுகள் ஒரே வரிசையில் ஒட்டி நிற்கும் எங்கள் லயமே காத்திருந்தபோது, டாக்டரைக் கப்பல் ஏற்றி அனுப்பிவிட்டு நாடகத்தை முடித்துவிட்டார்கள். ஆத்திரத்தில் பெண்கள் ரேடியோ வைத்திருந்த வீட்டுக்காரரை ஏசினார்கள். றோசலின் ஏசவில்லை. மறுநாளே ஒரு கொப்பி வாங்கி, டாக்டரைக் கப்பலிலிருந்து இறக்கி, மேகலாவுக்குக் கட்டிவைத்துவிட்டாள்.

பத்து மணிக்குப் பால் கொடுக்கத் தாய்மார் இறங்கி வருவார்கள். அந்தக் கால் மணி நேரந்தான் அவள் கொப்பியை வாசிக்கும் சபை. முதல் நாள் டாக்டர், "என் நெஞ்சில் பூத்த நிலவே!" என்று ஆரம்பித்தார். பால் குடித்த பிள்ளைகளுக்குப் புரையேறும் அளவுக்குச் சிரிப்பு.

"எங்க வூட்டுக்காரரு இப்படிப் பேசுனா, பேய் புடிச்சிருச்சுன்னு பூசாரிகிட்ட இழுத்துட்டுப் போவேன்" என்றாள் சண்முகவடிவு.

அது மாவுக்குப் பஞ்சம் வந்த வருடம். "டாக்டரப் பூ கொண்டார வேணாம்னு சொல்லு றோசலின். ரெண்டு றாத்தல் மா கொண்டாரச் சொல்லு" என்றாள் ராசம்மா. இவள் றோசலினுக்கு அடுத்த காம்பரா, அழகையாவின் பெண்டாட்டி. மூன்றாம் வகுப்பு வரை படித்தவள்.

றோசலின் கோபித்துக்கொள்ளவில்லை. அடுத்த நாள் டாக்டர் மா கொண்டுவந்தார். மேகலா அதைத் தூக்கிப் பார்த்து, "நெறை கொறையுது, ஏமாந்துட்டு வந்து நிக்கிறீங்களே" என்று சண்டை பிடித்தாள். மழையில் நனைந்து வந்ததற்காகவும் ஏசினாள். பெண்கள் வாயைப் பிளந்துகொண்டு கேட்டார்கள்.

"நெசமா ஆச வச்ச பொம்பள கொஞ்ச மாட்டா அக்கா. கொற சொல்லுவா" என்று றோசலின் என்னிடம் ஒருநாள் சொன்னாள். முப்பத்து நாலு வயது வரை ஒருவனும் பெண் கேட்டு வராதவள் சொன்ன பேச்சு இது. இரண்டு முறை கட்டிய சிசிலிக்கு இது இன்னும் தெரியாது.

தை மாதத்தில், பனி கொட்டுகிற ஒரு காலையில் அவள் வாசித்ததுதான் வினையானது. டாக்டர் மேகலாவிடம் சொல்கிறார்: "என்னாடி காலு இது, அட்ட மாதிரி சில்லுன்னு? கொண்டா இங்க, வயித்துல வையி." மேகலா, "வேணாம், நீங்க வெள்ளன எந்திரிச்சுப் போவணும்" என்கிறாள். "போறப்ப எடுத்துக்க" என்கிறார் டாக்டர்.

யாரும் சிரிக்கவில்லை. சண்முகவடிவு மூக்கைத் துடைத்தாள். ராசம்மா மட்டும் பிள்ளையை மார்பிலிருந்து பிடுங்கிக்கொண்டு எழுந்தாள். அது அழகையா அவளிடம் பேசுகிற பேச்சு. அட்டை கூட மாறவில்லை.

"எங்கிட்ட சொன்னத இவகிட்டயும் சொல்லியிருக்காருடீ!"

லயத்துச் சுவர் கூரை வரைக்கும் போகாது. ஆள் உயரத்துக்கு மேலே, தகரம் வரைக்கும், வெறும் திறப்புதான். ஒரு காம்பராவில் தும்மினால் மூன்றாம் காம்பராவில் "நூறு வயசு" என்பார்கள். ஆனால் எங்களுக்குள் ஓர் ஒழுங்கு உண்டு. சுவருக்கு மேலால் வந்த பேச்சு காதில் விழுந்ததாக யாரும் காட்டிக்கொள்வதில்லை. சண்டைக்கே காது கேளாதவர் மாதிரி இருப்போம். கொஞ்சலைச் சொல்லவா வேண்டும்! அந்த ஒழுங்கு இல்லாவிட்டால் லயத்தில் ஒரு குடும்பமும் வாழ முடியாது. றோசலின் கேட்டதை எழுதினாள். எழுதியதை, சொந்தக்காரி முன்னாலேயே வாசித்தாள். அவள் செய்த பிழை அவ்வளவுதான்.

தாய்மார் பிள்ளைகளை அவளிடம் விடமாட்டோம் என்று நின்றார்கள். ஆயா வேலை போனால் அதோடு காம்பராவும் போகும். ஞாயிற்றுக்கிழமை தோட்டத்துச் சங்கத் தலைவர் சின்னத்தம்பி எல்லோரையும் கூட்டி விசாரித்தார்.

"அந்தப் பேச்ச எங்கேருந்தும்மா புடிச்ச? சொல்லிட்டு வேலையில இரு."

சுவருக்கு மேலால் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் தப்பியிருப்பாள். அந்த நிமிடமே பன்னிரண்டு காம்பராவும் தத்தம் பேச்சை நினைத்து வெட்கிச் செத்திருக்கும். அவள் கறுத்த உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

தலைவர் அழகையா பக்கம் திரும்பினார். அழகையா தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டுகிறவர். ஒரு மலையையே மொட்டையடித்துவிட்டு வந்து இன்னொரு மலை கேட்பார். நாலு பேர் முன்னால் பெண்டாட்டியைப் பேர் சொல்லிக் கூப்பிடவும் மாட்டார்.

"ஒன் பொஞ்சாதிகிட்ட பேசுனதாய்யா இது?"

"நானா? பொம்பள கால வயித்துல வைக்கச் சொல்ல நான் என்னா கூறு கெட்டவனா?"

"அப்ப றோசலின்கிட்ட பேசுனியா?"

அழகையா மீசையைத் தடவிக்கொண்டார். ஊர்ப் பெண்ணைத் தொட்டவன் என்ற பெயரைச் சுமக்க அவருக்குத் தோள் இருந்தது. பெண்டாட்டியின் காலைச் சூடாக்கியவன் என்ற பெயருக்கு இல்லை.

நான் எழுந்து, "அந்தப் பேச்ச நானும் ஏழு வருசமாக் கேக்குறேன் தலைவரே" என்றேனா? இல்லை. ராசம்மாவின் மற்றப் பக்கத்துச் சுவர் என்னுடையது. எனக்கும் அப்போது புருஷன் இருந்தார். இப்போது சொல்கிறேன். பிந்திச் சொல்கிறேன் என்று வேண்டுமானால் ஏசுங்கள்; பொய் என்று சொல்லாதீர்கள்.

மஸ்கெலியாவில் கன்னியர் மடத்தில் அநாதைப் பிள்ளைகளைப் பார்க்க ஆள் தேடினார்கள். வேலை போன றோசலின் காலை பஸ்ஸுக்குப் புறப்பட்டாள். டிரங்குப் பெட்டியில் சாமான் அடுக்க நான்தான் போனேன்.

"அந்தக் கொப்பிய அடுப்புல போட்டுட்டுப் போ, றோசலின்."

"பாவம் அக்கா, டாக்டரும் மேகலாவும் இப்பத்தான் ஒரு வீட்டுல இருக்காங்க" என்றாள்.

கொப்பியை விரித்து ஒரே ஒரு தாளைக் கிழித்தாள். எனக்கு எழுத்துத் தெரியாது. எந்தத் தாள் என்று தெரிந்தது. பெட்டியைச் சுவரோரம் இழுத்துப் போட்டு, பனியில் நனைந்த வெறுங்காலோடு அதன் மேல் ஏறினாள். எட்டி, திறப்பு வழியாக அந்தத் தாளை ராசம்மாவின் பக்கம் விட்டாள். அங்கே வளையல் சத்தம் சட்டென்று நின்றது. றோசலின் இறங்கினாள். பெட்டி மூடியில் பதிந்திருந்த தன் ஈரக் கால் தடத்தை முந்தானையால் துடைத்துவிட்டு, பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசலைத் தாண்டினாள்.