உயரக் கட்டிலும் கறுப்பு ஸ்க்ரூவும்

புனே வானவடியில் எங்கள் ஃபிளாட் சிறியது. அதனால் மகளுக்கு, கீழே படிக்க மேசை நாற்காலி போட்டு, ஏணியில் ஏறிப் படுக்கும் உயரமான மரக்கட்டில் ஒன்றை என் கணவரே செய்தார். ஃபால்ஸ் சீலிங் வேலையில் மிஞ்சிய கறுப்பு ஸ்க்ரூக்களால் சட்டங்களை இணைத்தார்.

“அம்மா, கட்டில் ஆவாஜ் பண்ணுது,” என்றாள் மகள்.

“உருளாம தூங்குடி, சத்தம் வராது,” என்று சிரித்தார் அவர்.

போன மாதம் பள்ளியிலிருந்து வந்தவள், ஏறுவதற்கு முன் புத்தகப் பையை மேலே எறிந்தாள். கட்டில் ஒரு பக்கமாகச் சரிந்து, கீழிருந்த நாற்காலியை நசுக்கியது. ஸ்க்ரூக்கள் தலை முறிந்து கிடந்தன. அவை ஜிப்சம் பலகைக்கானவை, பாரம் அழுத்தினால் வளையாமல் முறிந்துவிடும் என்று பிறகுதான் தெரிந்தது.

இப்போது ஒவ்வொரு இணைப்பிலும் சட்டத்தைத் துளைத்து மறுபக்கம் வரும் போல்ட் போட்டு, வாஷரும் நட்டும் வைத்திருக்கிறோம். ஞாயிறுதோறும் நானே ஸ்பேனரால் முடுக்குகிறேன். ஆனாலும் அவள் ஏறிப் படுக்கும்வரை ஏணியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன்.