கால் விரலுக்குக் கையில் கட்டிய பட்டை

நாலாம் வகுப்போடு நின்றவன் நான். எந்த இடத்தில் ர, எந்த இடத்தில் ற என்று இன்றும் தடுமாறுவேன். கோணல் எழுத்தையும் பிழைகளையும் படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். வாயால் சொல்லச் சொன்னால் இதைச் சொல்லவே மாட்டேன், அதனால்தான் எழுதுகிறேன்.

எழுபத்தெட்டாம் வருடம். போடிமெட்டுக்கு மேலே ஒரு தோட்டத்தில், ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரில் எனக்கு வேலை. மாலையில் வெளியே வரும்போது வாசலில் கங்காணி நிற்பார். ஆணோ பெண்ணோ, மடியை உதறிக் காட்டிவிட்டுத்தான் போக வேண்டும். உலர்ந்த காய் ஒரு பிடி அகப்பட்டாலும் வேலை போய்விடும்.

ஒருநாள் விடியும்போது வலது கால் பெருவிரல் வீங்கிச் சிவந்திருந்தது. போர்வை பட்டாலே உயிர் போனது. அட்டை கடித்த இடம் சீழ் பிடித்திருக்கும் என்று நினைத்தேன். நொச்சி இலையை வைத்து, பழைய வேட்டியைக் கிழித்துத் தடிமனாகச் சுற்றிக்கொண்டு நொண்டியபடி வேலைக்குப் போனேன்.

மாலையில் கங்காணி என் மடியைப் பார்க்கவில்லை. காலைப் பார்த்தார்.

"என்ன மாப்ளே, கட்டு பெருசா இருக்கு? உள்ள எத்தன கிலோ?"

பின்னால் நின்ற பெண்கள் சிரித்தார்கள். ஒருத்தி, "அவுத்துக் காட்டிட்டு வெரசா வாங்கண்ணே, ஜீப்பு போயிரும்" என்றாள்.

நான் பேசாததே அவருக்குச் சந்தேகமாகிவிட்டது. உட்கார்ந்து அவிழ்த்தேன். இலையைக்கூட உதறிப் பார்த்தார். பிறகு விரலைத் தொட்டார், அலறிவிட்டேன்.

"நடிக்கலதான்" என்றார்.

மறுநாள் காலை லோடு ஜீப்பில் என்னைப் போடிக்கு, டாக்டரிடம் அனுப்பினார். அவரும் ஏறிக்கொண்டார். அதுதான் எனக்குப் பயம். காய் அகப்படவில்லை, காலைக் காட்டியாவது என்னை நிறுத்தப் பார்க்கிறார் என்று நினைத்தேன்.

டாக்டர் விரலைப் பார்த்தார். பிறகு என் கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்தார். கொஞ்ச நேரம் விட்டு மறுபடியும் அடித்தார். கால் வலிக்கு வந்தவனுக்குக் கையில் என்ன சோலி? இருவரும் முன்பே பேசி வைத்திருக்கிறார்கள் என்று தோன்றியது.

"பிரஷர் கூடியிருக்கு."

"அப்ப இவன் வேலைக்கு ஆகமாட்டானா சார்?" என்றார் கங்காணி. என் சந்தேகம் உறுதியாகிவிட்டது.

"அவசரப்படாதீங்க." டாக்டர் என் பக்கம் திரும்பினார். "ஈரல், கருவாடு நெறைய சாப்பிடுவீங்களா? குடிக்கிறதுண்டா?"

நான் வாய் திறக்குமுன் கங்காணி, "இவனா? நாலு பேரு இருந்தா பச்சத்தண்ணி குடிக்கவே வெக்கப்படுவான்" என்றார்.

டாக்டர் ரத்தம் எடுக்கச் சொன்னார். "ரத்தத்துல யூரிக் ஆசிட்னு ஒண்ணு இருக்கு. சிறுநீரகம் அத வெளியேத்தணும். தேங்கிப் போனா மூட்டுல படிஞ்சு இப்படி வீங்கும். அது கூடுனவங்கள்ல பல பேருக்குப் பிரஷரும் இருக்கு. எது எதக் கூட்டிட்டு வருதுன்னு எனக்கே உறுதியாத் தெரியாது. அதனால கால் வீங்கி வந்தா கையவும் பாத்துருவேன்."

டாக்டருக்கே தெரியாதாம். எனக்கு இன்னும் சந்தேகம். ரத்தத்தில் அந்த ஆசிட் கூடித்தான் இருந்தது. மாத்திரையில் வீக்கம் வடிந்தது. பிரஷர் எங்கேயும் வலிக்கவில்லை. வலிக்காத நோயை எப்படி நம்புவது? மாதாமாதம் போய்க் கையை நீட்டினேன். போகும்போதெல்லாம் அது கூடித்தான் இருந்தது. அதற்கும் மாத்திரை தந்தார்.

கால் சரியாகி மலையேறியதும் கங்காணி, "உக்காந்து காய் பொறுக்குற சோலி தர்றேன்" என்றார். வாசலுக்கு நேர் எதிரே, அவர் கண்ணில் படுகிற இடம். இரக்கமா, காவலா? தினமும் போகும்போது, "கால் எப்படி இருக்கு மாப்ளே?" என்று கேட்டு, குனிந்து பார்ப்பார். நானும் மடியை உதறிவிட்டுக் காலைத் தூக்கிக் காட்டுவேன். எட்டு வருடம் இப்படியே போனது.

நேற்றோடு அவர் வேலையை விட்டு ஊருக்கு இறங்கிவிட்டார். இன்று வாசலில் புது ஆள். மடியை உதறினேன், பழக்கத்தில் காலையும் தூக்கினேன்.

"கால எதுக்குண்ணே தூக்குறீங்க? போங்க" என்றான்.

கால்களைப் பார்ப்பது அந்த வாசலில் வழக்கமே இல்லை. 'கால் எப்படி இருக்கு' என்று வேறு யாரிடமும் கங்காணி கேட்டதும் இல்லை. இது எனக்கு இன்றுதான் உறைத்தது.

1986, ஐப்பசி 12.